ஒரு பூச்சுக்கு ஒரு பக்கெட் தண்ணீர்

வேல்விழி என்ற பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் குழாயடியில்தான். டேங்கர் லாரி வந்து கீழ்த்தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. மாடியில் வாடகைக்கு இருக்கும் கம்பெனிப் பெண்கள் வரிசையாக நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் முத்துச்செல்வி என்கிற பெண் தன் பக்கெட்டை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேறு ஒரு நீல பக்கெட்டோடு மறுபடி வந்து நின்றாள். பின்னால் நின்றவள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, இப்பதான ஒண்ணு தூக்கிகினு போன?"

"இது எனக்கில்ல. வேல்விழிக்கு."

"அவளுக்குத்தான் காத்தாலயே நான் ஒண்ணு வெச்சேனே!"

"அது ஒன் கைக்கு. இது எங் கைக்கு. இதுல என்ன சண்டை?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடியில் யாரோ ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருக்கிறாள், அவளுக்குத்தான் இவர்கள் முறை போட்டுக்கொண்டு தண்ணீர் சுமக்கிறார்கள் என்று நினைத்தேன். பாவம், என்ன உடம்போ என்று, வெந்நீர் வேண்டுமா என்று கேட்க மேலே ஏறினேன். ஏறிப் பார்த்தால், நோயாளி சம்மணம் போட்டு உட்கார்ந்து இன்னொருத்தி கையைத் தன் முழங்கால்மேல் வைத்து நகத்துக்குச் சிவப்புப் பூசிவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"வாங்க ஆச்சி. ஒங்களுக்கும் பூசட்டுமா?" என்றாள். எங்கள் பக்கத்தில் ஆயா என்போம். அவள் ஊரில் ஆச்சி. எங்கள் வல்லம் வடகாலில் அந்தச் சொல்லை என் காதில் முதலில் போட்டவள் அவள்தான்.

அந்தக் கட்டடம் தேவராஜனுடையது. தேவராஜன் என் தங்கை மகன். நெல் விளைந்த நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போனபின் மிச்சமிருந்த மனையில் மூன்று மாடி எழுப்பி அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டான். தங்கை போய்ச் சேர்ந்தபின் என்னைக் கூட்டிவந்து கீழே வைத்துக்கொண்டான். அவன் மனைவி பெருந்தேவி எங்கள் அப்பா வழியிலும் எனக்கு உறவு, என் சின்ன அத்தையின் கொழுந்தன் பேத்தி. அவர்களுக்கு ஒரே பெண், பூர்ணிமா. அவளும் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலைக்குப் போகிறாள். இவ்வளவு பேர்தான் எங்கள் வீடு.

வேல்விழிக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். அப்பா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் மூடி, புகையவிட்டுக் கரியாக்குகிற வேலை. அம்மா, அக்கா, இவள் எல்லோரும் கரி பொறுக்கி மூட்டை கட்டுவார்களாம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் நகம் பார்க்கிற நாளில் இவளைத் தனியாக நிறுத்திவிடுவார்களாம். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். தேய்க்கவும் அந்த ஊரில் தண்ணீர் கிடையாது. இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லும்போதே எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று எழுதுகிறேனே, அவள் எங்கே உட்கார்ந்தாள்? கோழி மாதிரி. இரண்டு வார்த்தை பேசுவாள், எழுந்து கொடியில் துணியைத் திருப்பிப் போடுவாள், வருவாள், கதவை இழுத்துப் பார்ப்பாள், கை கழுவுவாள். கூட இருப்பவருக்கே தலை சுற்றும்.

அவளுக்கு வேலை, செல்போனுக்குள் போகிற கேமரா சாமான் சேர்க்கும் கம்பெனியில். கான்ட்ராக்ட் வேலைதான். விரல் ஒவ்வொன்றுக்கும் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு ஷிப்ட் முழுக்க உட்கார வேண்டும். நகத்தில் பாலிஷ் இருக்கவே கூடாது. ஒரு பொடி உதிர்ந்து சாமான்மேல் விழுந்தால் அந்தச் சாமான் குப்பைக்குப் போய்விடுமாம். அதனால் தினமும் உள்ளே போகுமுன் லைன் லீடர் பெண் ஒருத்தி வாசலில் நின்று கையை விரிக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

அங்கேதான் இவள் வியாபாரம் பிறந்தது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் ஞாயிறு ஒரு நாள் விடுமுறை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடித்துத் தாம்பரம் போவார்கள், பீச்சுக்குப் போவார்கள். அந்த ஒரு நாளைக்கு நகம் ஜொலிக்க வேண்டும். திங்கள் காலையில் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் பூச்சுக்கு ஆளுக்கொரு பாட்டில் எதற்கு? வேல்விழியிடம் செருப்பு டப்பா ஒன்று நிறைய பாட்டில் இருந்தது. மெரூன், பஞ்சுமிட்டாய் ரோஸ், மயில் நீலம், மினுக்குப்பொடி போட்டது. கேட்கிறவளுக்கு அவளே பூசிவிடுவாள். காசு வாங்க மாட்டாள். ஒரு பூச்சுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் மேலே கொண்டுவந்து வைக்க வேண்டும். கால் விரலும் சேர்ந்தால் இன்னொரு பக்கெட். அவர்கள் இருக்கும் மூன்றாவது மாடிக்குக் குழாய் ஏறாது. தண்ணீர்தான் அங்கே பவுன்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "ஏண்டி, ஒருத்தி வாய் வெச்ச டம்ளர்ல இன்னொருத்தி குடிப்பீங்களா?" என்று கேட்டேன். அந்த அறையில் யாருமே பாட்டில் தண்ணீரை வாயில் வைத்துக் குடிக்க மாட்டார்கள். அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். தவறிப் பட்டுவிட்டால் பாட்டிலைக் கழுவாமல் அடுத்தவள் தொடமாட்டாள்.

"நகத்துக்கு ஏது ஆச்சி எச்சி?" என்றாள் முத்துச்செல்வி.

"வாடையைப் பாருங்க, மூக்குல ஏறுது. இதுக்குள்ள எந்தக் கிருமி உசுரோட நிக்கும்?" என்றாள் வேல்விழி. பாட்டிலை என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். எனக்குத் தும்மல் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சொல்வது சரியாக இருக்குமென்றுதான் பட்டது.

பூசுவதற்கு முன் நகத்தோரத் தோலை ஒதுக்க அவளிடம் ஒரு கொண்டை ஊசி இருந்தது. ஒருத்திக்கு ஒதுக்கிவிட்டு நைட்டியில் துடைத்துவிட்டு அடுத்தவளுக்கு ஒதுக்குவாள். பாட்டிலில் அடி தட்டினால் இன்னொரு பாட்டிலில் மிஞ்சியதை ஊற்றிக் கலப்பாள். கெட்டியானால் ரிமூவர் இரண்டு சொட்டு விடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. மாடியில் அவளுக்குத் தண்ணீருக்குக் குறைவே இல்லை. விளாத்திகுளத்தில் குடத்துக்காகத் தவம் கிடந்த பெண்ணல்லவா, கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள். ஈரக் கையோடுதான் ஓடிப்போய்க் கம்பெனி பஸ் ஏறுவாள். நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன், கையை உதறிக்கொண்டே ஓடுவாள்.

ஒருநாள் அவள் பத்து நகத்துக்கும் மருதாணி வைத்திருந்தாள். "என்னடி விசேஷம்?" என்றேன்.

"சும்மாதான் ஆச்சி. சூடு ஒடம்பு, குளிர்ச்சிக்கு."

அடுத்த வாரமும் மருதாணி. அதற்கடுத்த வாரமும். மருதாணி பொடியாக உதிராதே, வாசலில் கை பார்க்கிறவளும் விட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மருதாணிக்கு மேல் மெரூன் பாலிஷ். எப்போதும் ரோஸ் பூசுகிற பெண், இப்போது மெரூனைத் தவிர வேறு தொடவில்லை. அந்த மெரூன் பாட்டிலை வேறு யாருக்கும் எடுப்பதுமில்லை. கேட்டால் "காஞ்சு போச்சு" என்பாள். முன்பெல்லாம் பூசும்போது பாட்டு முணுமுணுப்பாள். இப்போது பேச்சே இல்லை. வலது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டே பூசுவாள். பிரஷ்ஷைப் பிடிக்கிற பிடியே மாறிப்போனது. கோடு வெளியே போகும். "என்னக்கா, கோடு ஓடுது, தூக்கமா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

அந்த நாட்களில்தான் அவள் அம்மா அடிக்கடி போனில் கூப்பிட்டாள். வேல்விழிக்குத் தாய்மாமன் மகன் கொம்பையா முறை மாப்பிள்ளை. அவன் அண்ணனுக்குத்தான் இவள் அக்கா பேச்சியைக் கொடுத்திருந்தார்கள். பேச்சி அந்த வீட்டில் கரிமூட்டப் புகையிலேயே கிடந்து இருமுகிறாள் என்று வேல்விழி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"மாமா வூட்டு ஆளுவ கெட்டவிய இல்ல ஆச்சி. ஆனா அங்கன போனா நான் திரும்பக் கரிதான் பொறுக்கணும். எனக்கு இந்த லைன் இருக்கிற வரைக்கும்தான் இவிய வாய மூடிட்டு இருப்பாவ. லைன் போச்சுன்னா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவாவ."

லைன், லைன் என்று கம்பெனியில் தான் உட்காரும் வரிசையை மந்திரம் மாதிரி சொல்வாள். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவுவாள்.

பூர்ணிமாவுக்கு வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் மூத்த ஓரகத்திக்கு அக்காள் மகள் முறை. ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தம். வாசலில் பந்தல், கீழே சமையல். உறவுக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பட்டுப் புடவையும் மெரூன். பூர்ணிமா காலைப் பலகாரம் முடிந்ததும் நகம் பூசிக்கொள்ள மாடிக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். என் மூட்டு படி ஏறாது என்றாலும் விடவில்லை.

வேல்விழி அன்றைக்கும் மெரூன்தான் பூசியிருந்தாள். பூர்ணிமா கையை நீட்டி உட்கார்ந்தாள்.

"யக்கா, புடவைக்கு மேட்ச்சா மெரூன் போடு. ஷோக்கா இருக்கணும். போட்டோல கைதான் தெரியும்."

"மெரூன் காஞ்சு போச்சு பூர்ணி. ரோஸ் போடுதேன். ஒனக்கு ரோஸ்தான் எடுப்பா இருக்கும்."

"மெரூன் புடவைக்கு ரோஸா? இன்னாக்கா சொல்ற? நீ போட்டுகினு கீறியே, இது எங்கிருந்து வந்துச்சி?"

"கடைசிச் சொட்டு. வழிச்சுப் போட்டுட்டேன்."

வேல்விழி எழுந்தாள், உட்கார்ந்தாள், ரோஸ் பாட்டிலை உள்ளங்கையில் உருட்டினாள். பூர்ணிமா சும்மா இருக்கிற பெண்ணா? அங்கே இங்கே துழாவியவள் தலையணையைத் தூக்கினாள். மெரூன் பாட்டில் அதன் அடியில் இருந்தது. பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டினாள்.

"ஆயா, பாரு! இது காஞ்சு போனதா?"

"அத வச்சிரு பூர்ணி. அது வேண்டாம்."

"ஏன் வேணாம்?"

"வேண்டாம்னா வேண்டாம். ஒனக்கு அது ஆவாது."

நல்ல நாளில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? பூர்ணிமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அழுதுகொண்டே மாடிப்படியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். பெருந்தேவி கரண்டியோடு ஏறி வந்தாள். அவள் பின்னால் இரண்டு மூன்று உறவுக்காரிகள். அறைவாசலில் மாடிப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

"இன்னாம்மே, எங்க வூட்ல இருந்துகினு எங்க பொண்ணுக்கே செவப்பு இல்லன்றியா? நிச்சயத்தன்னிக்கி ஆவாதுன்னு வாய் வெக்கிற?"

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி? ஊர்ல கீறவளுக்கெல்லாம் பூசற. என் பொண்ணு கேட்டா ஒளிச்சி வெக்கிற. ஒனக்குக் கல்யாணம் தகையலன்னு வயிறெரியறியா?"

"அத்த, வுடு," என்றாள் கூட வந்த ஒருத்தி, விடுகிறவள் மாதிரி இல்லாமல். "இவங்க தெக்கத்திப் பொண்ணுங்களுக்கு ரொம்பத்தான் ராங்கி."

"நாளைக்கே ரூமைக் காலி பண்ணிடு," என்றாள் பெருந்தேவி.

வேல்விழி சுவரோரமாக நின்றாள். வாசலில் முத்துச்செல்வி நின்றிருந்தாள். முத்துச்செல்விக்கும் அதே கம்பெனி, அதே லைன். வாசலில் கை பார்க்கும் அந்த லைன் லீடர் இவளுக்குச் சித்தி மகள். முத்துச்செல்வி காதில் விழுந்தது லைனுக்குப் போகாமல் இருக்காது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வேல்விழி அவளைப் பார்த்தாள். அப்புறம் பூர்ணிமாவைப் பார்த்தாள். பூர்ணிமா பிடிவாதமாகப் பாட்டில் மூடியைத் திருகித் திறந்து, பிரஷ்ஷை எடுத்துத் தன் சுட்டுவிரலுக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டாள்.

"ஏட்டி, போடாத!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள் வேல்விழி. பிரஷ்ஷைப் பிடுங்கிவிட்டாள். அவள் நைட்டியெல்லாம் மெரூன் தெறித்தது. பெருந்தேவி கரண்டியை ஓங்கினாள். நான் நடுவில் போய் நின்றேன்.

வேல்விழி பஞ்சை எடுத்தாள். ரிமூவரை ஊற்றினாள். தன் வலது கட்டைவிரலைத் துடைத்தாள். ஒரு முறை, இரண்டு முறை. மெரூன் போனது. பிறகு விரலை நீட்டினாள்.

குளத்துப் படியில் பாசி பிடித்திருக்குமே, அந்த நிறம். பச்சையும் கறுப்பும். அதன்மேல் பழைய மருதாணிச் சாயம் ஏறி இன்னும் மோசமாகத் தெரிந்தது. நகத்தில் பாதி, சதையை விட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"இந்தப் பிரஷ்ஷ வச்சுத்தான் இதுல பூசுனேன். எப்படி ஒனக்குப் பூசுவேன்?"

கீழே மேளக்காரர் வந்து மேளத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பூர்ணிமா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு வாசலில் நின்ற ஒவ்வொருத்தியும் தன் கையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.

முத்துச்செல்விக்குத்தான் முதலில் வாய் வந்தது. அவளுக்கு இரண்டு நாளாக மோதிரவிரல் வீங்கி வலி. நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் செருகிக்கொண்டிருந்தாள். அந்தப் பழத்தோடேயே கையை ஆட்டிப் பேசினாள்.

"அப்ப எனக்கு இது ஒன்னாலதானா? எத்தன வாரமாட்டி மூடி வச்ச?"

"ஒனக்கு மெரூன் போடலல்ல. வேற பாட்டில்தான் போட்டேன்."

"ஊசி ஒண்ணுதான? ஒன் விரல நோண்டுன ஊசிதான எங்களுக்கும்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா!"

"சொன்னா லைன் போயிரும்லா," என்றாள் வேல்விழி. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஒனக்கு லைன் வேணும். எனக்கு வேண்டாமா?"

வேல்விழி கட்டைவிரலை மறுபடி மடக்கிக்கொண்டாள்.

பெருந்தேவி திடீரென்று கீழே இறங்கிப் போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். பின்னாலேயே போய்ப் பார்த்தால், சமையலை விட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் காலைத் தூக்கிவைத்து, ஒவ்வொரு கால்நகமாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து விரலிலும் மெரூன். யாருக்கும் தெரியாமல் எப்போதோ மாடியில் பூசிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இது எப்படீ?" என்றேன்.

"முன்ன பூசினது பெரீம்மா, ரொம்ப முன்ன," என்றாள். "தொட்டா வலிக்கிற மாரி கீது. பாரு, மஞ்சளா கீதா?"

"ஒண்ணுமில்ல. எழுந்து வந்து பாயசத்தப் பாரு."

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. பூர்ணிமா நகத்தில் ஒன்றும் இல்லாமல்தான் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் யாரும் அவள் நகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வந்தவர்கள் கை நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம்பூலத் தட்டை மாற்றும்போது கூடப் பெருந்தேவியின் கண் சம்பந்தியம்மாள் விரலில்தான் இருந்தது. எனக்கே சோறு பிசையும்போது என் நகத்தைப் பார்க்கத் தோன்றியது. அதன்பின் அறையைக் காலி செய்யச் சொல்லிப் பெருந்தேவி பேசவில்லை. மாடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் லைன் லீடர் எங்கள் கட்டடத்துப் பெண்களை மட்டும் தனியே நிறுத்திவைத்து விரலை அமுக்கி அமுக்கிப் பார்த்தாளாம். வேல்விழியை வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முத்துச்செல்வியையும் சில நாளைக்கு வரவேண்டாம் என்றார்கள். டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று கான்ட்ராக்டர் சொன்னாராம்.

நான்தான் ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் வேல்விழியைக் கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த ஆள் "சும்மா இரும்மா, சீட்டே ஆடுது" என்றார்.

டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கை எப்பவும் ஈரமாவே இருக்குமா?" என்று கேட்டார்கள்.

"நல்லாக் கழுவுவேன் டாக்டர். சுத்தமாத்தான் வச்சிருக்கேன்."

"கழுவறது தப்பில்லம்மா. தொடைக்காம ரப்பர் உறை மாட்டிக்கிட்டா உள்ளயே ஊறும். நகத்துக்கு அடியில ஈரம் எறங்கிடுச்சு. அதுமேல பாலிஷ், அதுமேல மருதாணி. மூடி மூடி வெச்சு வளர்த்திருக்கே."

"மத்தவங்களுக்கு என்னாலதான் வந்துச்சா டாக்டர்?"

பாட்டில், பிரஷ், கொண்டை ஊசி எல்லாவற்றையும் நான் எடுத்துச் சொன்னதும் டாக்டரம்மா அவள் கையை விட்டார்கள். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. அவங்களும் நாள் முழுக்க உறை மாட்டறவங்கதான், அதனாலயே வரலாம். உன் பிரஷ்லேர்ந்தும் வந்திருக்கலாம். எல்லாத்தையும்விட எனக்கு அந்தக் கொண்டை ஊசிதான் ஆகல. தோலைக் குத்தித் திறந்துவிட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போனா என்ன ஆகும்? இனிமே உன் பாட்டில் உனக்கு, அவங்க பாட்டில் அவங்களுக்கு."

தூக்கி நின்ற நகத்தை வெட்டி எடுத்து மருந்து வைத்துக் கட்டினார்கள். புது நகம் முழுசாக வளர மாதக்கணக்காகும் என்றார்கள். வெளியே வந்ததும் வேல்விழி, "வந்திருக்கலாம்னுதான் சொன்னாவ, வந்துச்சுன்னு சொல்லல, என்ன ஆச்சி?" என்றாள். வல்லம் வருவதற்குள் அதையே எத்தனை தடவை கேட்டாளோ. "ஆமாண்டி, அப்படித்தான் சொன்னாங்க," என்றேன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் செருப்பு டப்பாவை அப்படியே ஒரு கேரி பையில் போட்டுக் குப்பை வண்டியில் கொடுத்தாள். வண்டி தெருமுனை திரும்பியிருக்கும், திடீரென்று செருப்பில்லாமல் ஓடினாள். வண்டிக்கார அம்மா அன்னக்கிளிக்கு வயசுக்கு வந்த பெண் இருக்கிறாள். மினுக்குப் பாட்டிலைப் பார்த்தால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பாளா? பையை வாங்கிக்கொண்டு வந்து, பின்பக்கம் குழி தோண்டி, ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து மண்ணில் கவிழ்த்தாள். கொண்டை ஊசியை வளைத்து உள்ளே போட்டாள். அந்த வாடை அன்று முழுக்க எங்கள் சமையலறைவரை வந்தது.

முத்துச்செல்விக்கு விரல் ஆறிவிட்டது, லைனிலும் சேர்த்துக்கொண்டார்கள். வேல்விழியோடு அவள் அப்புறம் பேசவேயில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, ஒருத்தி படுக்கிறபோது மற்றவள் வராண்டாவில் நிற்பாள். மற்ற பெண்கள் ஆளுக்கொரு சின்ன பாட்டில் வாங்கிப் பேர் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டார்கள். வேல்விழி தன் தண்ணீரைத் தானே இடது கையால் சுமந்தாள். பெருந்தேவி ஒருநாள் குழாயடியில் அவளிடம், "முன்னாடியே சொல்லியிருந்தா நானே டாக்டராண்ட இட்னு போயிருப்பேனே," என்றாள். கரண்டியை ஓங்கினவள்தான்! வேல்விழி "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

கான்ட்ராக்டர் முதலில் நகம் வரட்டும் என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. வேறு ஆள் போட்டாயிற்று என்று முத்துச்செல்வி யாரிடமோ சொல்வதுபோல் இவள் காது கேட்கச் சொன்னாள். எப்படியோ சேதி விளாத்திகுளத்துக்குப் போய்விட்டது. அம்மாக்காரி கொம்பையாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். ஷேர் ஆட்டோவை அனுப்பாமலேயே வாசலில் நிறுத்தி வைத்திருந்தாள்.

"பெட்டியக் கட்டு. விரலும் போச்சு, சோலியும் போச்சு. இன்னும் இங்கன என்னத்துக்குக் கெடக்க?"

"விரல் எங்கம்மா போச்சு? நகந்தான் போச்சு. மொளைக்கும்."

"மொளைக்கிற வரைக்கும் ஆரு சோறு போடுவா?"

"வேற கம்பெனி பாப்பேன்."

"நகமில்லாதவளுக்கு எவன் வேல குடுப்பான்? ஒங்க மாமன் தேதி குறிச்சிட்டு உக்காந்திருக்கான். இவன் மூஞ்சியில நான் எப்பிடி முழிக்க?"

இவன் என்றது கொம்பையாவை. அவன் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம், நக இடுக்கில் கரி. வேல்விழி அவனைப் பார்த்து, "எய்யா கொம்பையா, நீ சொல்லு. ஒனக்கு நான் வந்தே ஆவணுமா?" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டாள்.

எங்கள் பக்கத்துப் பெண் என்றால் கேட்டிருக்க மாட்டாள். அவன் நெளிந்தான். "அத்த, அவளுக்கு இஷ்டமில்லன்னா விடு. வண்டிக்காரன் வையுதான்," என்றான். அப்படிச் சொன்னதில் அவன் முகமும் லேசானது மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. அம்மாக்காரி அவனையும் திட்டி, மகளையும் திட்டி, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆட்டோவில் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேல்விழி தெருமுனைவரை ஆட்டோ பின்னாலேயே நடந்துபோனாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"இருந்துட்டேன் ஆச்சி. இப்ப எங்க போவேன்?" என்றாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், கதவைத் திறந்தாள், மூடினாள்.

உறவுக்காரர்களை நினைத்துப் பார்த்ததில் எனக்கு விஜயராகவன் ஞாபகம் வந்தான். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பேரன். மண்ணூரில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். நான் போன் போட்டேன். "நகம் பாப்பியாடா?" என்று முதலில் கேட்டேன். "பெட்டி மடிக்கறதுக்கு நகம் எதுக்கு சின்னாயா, கை இருந்தா போதும்," என்றான். உறையும் கிடையாது, ஈரமும் கிடையாது. ஆனால் சம்பளம் குறைவு, நின்றுகொண்டே வேலை. வேல்விழி யோசிக்கவே இல்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலையைவிட நிற்கும் வேலை தேவலாம் என்றாள்.

போகிற அன்று முத்துச்செல்வி ஷிப்டுக்குப் போயிருந்தாள். வேல்விழி அவள் படுக்கைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். என்ன வைக்கலாம், என்ன சொல்லலாம் என்று நினைத்தாளோ என்னவோ, ஒன்றும் வைக்காமல் இறங்கி வந்துவிட்டாள். அவள் மறைத்தது தப்பு என்றுதான் முத்துச்செல்வி இன்றைக்கும் சொல்கிறாள். தப்புதான். அந்த மெரூன் பிரஷ் பூர்ணிமா விரலில் படாமல் பிடுங்கினதும் அதே கைதான். நான் இதை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன், எந்தப் பக்கமும் முடிவுக்கு வர முடியவில்லை.

இப்போது வேல்விழி மண்ணூரில் அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்கிறாள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். கட்டைவிரல் நகம் வளர்ந்துவிட்டது, கொஞ்சம் கோணலாக.